செஸ் கிளப்பில் சேர்ந்தால் ஆட்டம் உண்மையிலேயே முன்னேறுமா?

முன்னேறும், ஆட்டம் முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல் இருந்தால்.

"தினமும் ஆன்லைனில் ஆடுகிறேன், என் திறனைக் காட்டும் ரேட்டிங் புள்ளி மாதக்கணக்கில் அசையவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆடுவது பெரும்பாலும் மூன்று நிமிட, ஐந்து நிமிட ஆட்டங்களாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தோற்றால் உடனே அடுத்தது, அதிலும் தோற்றால் கோபத்தில் இன்னொன்று. நடுவில் எப்போதாவது கணினியின் அலசலைத் திறந்து, "ஓ, குதிரையை அங்கே வைத்திருக்கணுமா, சரி" என்று மூடிவிடுவீர்கள். ஏன் அங்கே என்று அது சொல்லாது, நீங்களும் கேட்க மாட்டீர்கள். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, ஊரே அப்படித்தான் ஆடுகிறது.

கிளப்பில் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது நான் ஜெயித்த ஓர் ஆட்டத்தில். என்னிடம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். எதிராளியிடம் ராஜாவும் யானையும் மட்டும். அவருடைய ராஜா என் சிப்பாயின் வழியை நேர் எதிரே மறித்து நின்றது. யானை, அவர் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வரிசையில். நான் எப்படிச் சுற்றி வந்தாலும் என் ராஜாவால் அந்த வரிசைக்குள் கால் வைக்க முடியவில்லை. ஆனால் கடிகாரத்தில் நேரம் குறையக் குறைய அவருக்குப் பதற்றம். யானையை அங்கிருந்து எடுத்து, பின்னாலிருந்து செக் கொடுக்க ஆரம்பித்தார். என் ராஜா முன்னே நழுவிப் போய்விட்டது, கொஞ்ச நேரத்தில் ஆட்டம் என் கையில்.

ஆன்லைன் என்றால் புள்ளி ஏறியிருக்கும், கதை அத்தோடு முடிந்திருக்கும். இங்கே பக்கத்துப் பலகையில் ஆடி முடித்த பெரியவர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் தாளில் கையெழுத்துப் போடும்வரை வாயே திறக்கவில்லை (வேடிக்கை பார்ப்பவர் பேசக் கூடாது என்பது விதி). அப்புறம் காய்களைத் திரும்ப அடுக்கி, "தம்பி, இது டிரா" என்றார். ஜெயித்தவனிடம் சொல்கிற பேச்சா இது! எனக்குச் சுருக்கென்றது. "எங்கே, ஜெயிச்சுக் காட்டுங்க" என்று யானையைப் பழையபடி மூன்றாவது வரிசையில் வைத்தார்.

முடியவில்லை. வேறு வழியில்லாமல் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளினேன். அதற்காகவே காத்திருந்தவர்போல யானையைப் பலகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் மேல் செக் கொடுத்தார். என் ராஜா ஒளிந்துகொள்ள இருந்த ஒரே கட்டத்தில் என் சிப்பாயே போய் நின்றுவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிலிடோர் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் காட்டிவிட்டுப் போன தற்காப்பு இது என்றார். என்னிடம் தோற்றவர், "அப்போ நான் யானையைத் தொடாமலே இருந்திருந்தா போதுமா?" என்று கேட்டார். "தொடலாம், அதே வரிசையில இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கிட்டே இருக்கணும். சிப்பாய் வரட்டும், அப்புறம் கிளம்பணும்."

பிறகு ஒரு போட்டியில் என்னைவிட ரேட்டிங் கூடிய ஒருவரிடம் ஒரு சிப்பாய் குறைவாக அதே நிலைக்கு வந்தேன். யானையை மூன்றாவது வரிசையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் குடித்தேன். டிரா.

"இதை யூடியூபிலேயே பார்த்துக்கொள்ளலாமே" என்று யாராவது கீழே கருத்து எழுத வருவார்கள். பார்க்கலாம், யார் வேண்டாமென்றார்கள்? காணொளி பார்த்தால் தலையாட்டுவோம். ஜெயித்த ஆட்டத்தைக் கண்ணெதிரே ஒருவர் பிடுங்கிக் காட்டினால் ஆயுசுக்கும் மறக்காது. கிளப் பக்கமே போகாமல் நன்றாக ஆடுபவர்கள் உண்டு, அதையும் மறுக்கவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் முதலில் ஒருநாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் காய்களைத் திரும்ப அடுக்கிப் பேசுகிறார்களா, இல்லை உடனே அடுத்த பிளிட்ஸுக்கு (சில நிமிட அவசர ஆட்டம்) கடிகாரத்தைத் தட்டுகிறார்களா என்று கவனியுங்கள். இரண்டாவது என்றால் வீட்டிலேயே ஆடலாம். தட்டையான திரைக்குப் பழகிய கண்ணுக்குப் பலகை ஆரம்பத்தில் குழப்பும், எதிர் மூலையில் நிற்கும் மந்திரி கண்ணில் படவே படாது, பயப்படாதீர்கள். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். விதிக்குப் புறம்பான நகர்த்தலைத் திரை தடுத்துவிடும், பலகை தடுக்காது. சர்வதேச விதிப்படி நடக்கும் நீண்ட ஆட்டத்தில் முதல் தடவை எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகப் போகும், இரண்டாவது தடவை பெரும்பாலும் ஆட்டமே போகும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே, 2000-க்குக் கீழே இருந்தவர்களின் கிளாசிகல் (நீண்ட ஆட்ட) ரேட்டிங்கை ஒரே வீச்சில் ஏற்றியது. 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நாற்பது சதவீதம் சேர்த்தார்கள். 1500-இல் இருந்தவர் 1700 ஆனார். குறைந்தபட்ச ரேட்டிங்கும் 1000-லிருந்து 1400-க்குப் போனது. கணக்குப்படி நியாயமான காரணங்கள் இருந்தன, தெரியும். ஆனால் அதற்கு முன்னால் கிளப்பில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நான் ஏற்றிய புள்ளிகளும் இந்த இனாமோடு இனாமாகிவிட்டன. இப்போது ரேட்டிங்கைச் சொன்னாலே, "அதான் சும்மா கொடுத்தாங்களே" என்கிறார்கள். அவர்களுக்கும்தான் கொடுத்தார்கள், இன்னும் என்னிடம் தோற்றுக்கொண்டுதானே இருக்கிறார்கள்?