எச்-இண்டெக்ஸ் 46 உள்ளவரா, 11 உள்ளவரா?

அன்புள்ள அம்மா,

மகள் எம்.எஸ்சி. முடித்த கையோடு ஆய்வு உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். தேர்விலும் தேறிவிட்டாள், முதலில் அதற்கு வாழ்த்து. மூலக்கூறு உயிரியலில் பிஎச்.டி. செய்ய இரண்டு நெறியாளர்கள் அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். ஒருவரின் எச்-இண்டெக்ஸ் 46, மற்றவருக்கு 11. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது.

எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. 46 என்றால், அவருடைய கட்டுரைகளில் 46 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 46 முறை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று பொருள். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவருக்கும் ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆய்வகம் தொடங்கியவருக்கும் இடையே இதை வைத்துப் போட்டி நடத்தினால் யார் ஜெயிப்பார் என்பது முன்பே தெரிந்ததுதான். பணிக்காலம் நீள நீள அந்த எண் ஏறும்.

மேற்கோள் எண்ணிக்கை எதை அளக்கிறது என்பதையும் பாருங்கள். உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, 1951இல் ஆலிவர் லௌரியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதியது. கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை, அவ்வளவுதான். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள்! டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அதன் பக்கத்தில்கூட வராது. புரதத்தை அளந்தவர்கள் லௌரியைச் சுட்டியாக வேண்டியிருந்தது. இரட்டைச் சுருள் பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1963இல் வெளியான, புரதச் சங்கிலி எப்படியெல்லாம் வளைய முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடமும் அப்படித்தான்: பெயரைச் சொல்பவர்களில் பலர் மூலக் கட்டுரையைச் சுட்டுவதில்லை.

ஆகவே அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, கட்டுரைகளில் இருக்கும் பெயர்களின் வரிசையைப் படிக்கச் சொல்லுங்கள். உயிரியலில் அந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு. முதல் பெயர், பெரும்பாலும் ஆய்வு மேசையில் நின்று வேலை செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் இருப்பவர்கள் கைகொடுத்தவர்கள். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ஒவ்வொரு நெறியாளரின் பெயரையும் தட்டி, அவர் கடைசிப் பெயராக வரும் கட்டுரைகளைக் கடந்த ஆறு ஆண்டுகளுக்கு மட்டும் எடுங்கள். முதல் பெயர் யாருடையது? பிஎச்.டி. மாணவர்களுடையதா, எப்போதும் ஒரே மூத்த ஆய்வாளருடையதா? அவர் நடுவில் மட்டும் தலைகாட்டும் கட்டுரைகள் எத்தனை? மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய மதிப்பாய்வுக் கட்டுரைகள் எத்தனை? அவை மேற்கோள்களை அள்ளும். ஆனால் ஆய்வு மேசையில் நடந்த வேலையைக் காட்டாது. என்னிடம் வந்த ஒரு மாணவர் புகழ்பெற்ற ஆய்வகம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் இருந்தார். ஏழு கட்டுரைகளில் அவர் பெயர் உண்டு, ஒன்றில்கூட முதலில் இல்லை. அடுத்த வேலைக்கு விண்ணப்பித்தபோது எல்லோரும் கேட்டது முதல் பெயராக வந்த ஒரு கட்டுரையைத்தான்.

அடுத்து சோத்கங்கா. பல்கலைக்கழகங்கள் தங்கள் பிஎச்.டி. ஆய்வேடுகளைப் பதிவேற்றும் தளம் அது. நெறியாளர் பெயரில் தேடினால் எத்தனை பேர் முடித்தார்கள் என்பது ஓரளவு தெரியும். எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள் என்று அவர்களிடமே விசாரிக்கலாம். இது வெறும் வம்பு விசாரணை அல்ல. உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். என்ற மூத்த ஆய்வாளர் நிலைக்கு உயர்ந்தால் 42,000; மொத்தம் ஐந்து ஆண்டுகள். ஏழு ஆண்டுகள் இழுக்கும் ஆய்வகத்தில் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு வீட்டிலிருந்து பணம் அனுப்பப்போவது நீங்கள்தான்.

11 உள்ளவரிடமே அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. புதிய ஆய்வகத்தில் நெறியாளர் பக்கத்திலேயே நின்று சொல்லித்தருவார். ஆனால் ஆய்வு நிதி முடியும் ஆண்டு எது என்று கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். இருவர் பெயரையும் பப்பியர் தளத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வெளியான கட்டுரைகளில் உள்ள படங்கள் மீது மற்ற ஆய்வாளர்கள் எழுப்பிய ஐயங்கள் அங்கே இருக்கும். ஐயம் எழுந்தாலே குற்றம் என்று ஆகாது. அதற்கு நெறியாளர் என்ன பதில் சொல்லியிருக்கிறார் என்று படியுங்கள்.

இரண்டு ஆய்வகங்களிலும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் மகள் தனியாகத் தொலைபேசியில் பேசட்டும். முதலாண்டு மாணவர் வேண்டாம், அவருக்கு எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். பேசி முடித்ததும் அவள் குறித்துக்கொண்டதை எனக்கு அனுப்பிவையுங்கள்; சேரும் கடிதத்தில் கையெழுத்திடுவதை அதுவரை தள்ளிப்போடலாம்.