கமிஷனே வேண்டாம் என்கிறார் ஃபோஷான் ஏஜென்ட்... நம்பி ஆர்டர் கொடுக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் 22 அறைகள் கொண்ட லாட்ஜ் கட்டி வருகிறேன். அறை வாடகை 2,500 ரூபாய் வைக்க எண்ணம். கட்டில், அலமாரி, மேசை, சோபா, விளக்குகள், தரைக்கு டைல்ஸ் எல்லாவற்றையும் சீனாவின் ஃபோஷானிலிருந்து இறக்கினால் பாதி விலைக்கு முடியும் என்கிறார்கள் நண்பர்கள். மூன்று ஏஜென்ட்டுகளிடம் பேசினேன். ஃபோஷானில் இருக்கும் சீனர், 'எனக்குக் கமிஷனே வேண்டாம், கடைக்காரர்கள் தருவார்கள்' என்கிறார். குவாங்சோவில் இருக்கும் தமிழர் ஒருவர் சரக்கு மதிப்பில் 5% கேட்கிறார். சென்னைக்காரர் ஒருவரோ, 'லைசென்ஸ், பேப்பர் எதுவும் வேண்டாம், கன மீட்டருக்கு இவ்வளவு என்று கொடுங்கள், வாசலில் இறக்கித் தருகிறேன்' என்கிறார். பட்ஜெட் 40 லட்சம். அதில் 15 லட்சம் வங்கியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) எடுக்க வேண்டியிருக்கும். யாரைத் தேர்ந்தெடுப்பது? வரும் சித்திரையில் திறக்க வேண்டும்.

பதில்: சென்னைக்காரரை இப்போதே விட்டுவிடுங்கள். அவர் சொல்வதன் பொருள், சரக்கு வேறு யாருடைய பெயரிலோ, பெரும்பாலும் குறைத்துக் காட்டிய மதிப்பில், வேறு சரக்குகளோடு கலந்து வரும் என்பதுதான். உங்கள் பெயரில் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணம், இருக்காது. கணக்கில் சொத்தாகக் காட்ட முடியாது, தேய்மானம் கழிக்க முடியாது, ஓ.டி. பணம் எங்கே போனது என்று வங்கி கேட்டால் காட்ட ஒரு தாளும் இருக்காது. துறைமுகத்தில் சரக்கு பிடிபட்டால் உரிமை கோரவும் வழியில்லை. சீனாவுக்குப் பணம் வங்கி வழியாக அல்லாமல் ஹவாலாவில் போயிருந்தால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் சிக்கல் தனி. வியாபாரத்துக்கான இறக்குமதிக்கு உங்கள் பெயரில் ஐ.இ.சி. எனும் ஏற்றுமதி-இறக்குமதி எண் வேண்டும், ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். 500 ரூபாயில் முடிகிற விஷயத்தைத் தவிர்த்துக் கொடுப்பதாக ஒருவர் சொன்னால், அவர் தவிர்ப்பது வேறு எதையோ.

அடுத்து, கமிஷன் கேட்காதவர். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும். அவர் ஒளிக்கவில்லை, கடைக்காரர் தருவார் என்று அவரே சொல்லிவிட்டார். அந்தத் தொகை உங்கள் விலைக்குள்தான் இருக்கிறது, எவ்வளவு என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. ஃபோஷானின் ஷுண்டே மாவட்டத்தில் லேகோங் என்ற ஊர் முழுக்க ஃபர்னிச்சர் மால்கள். அங்கே ஏஜென்ட் எந்தக் கடைக்கு அழைத்துப் போகிறார் என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் அந்தக் கமிஷன்தான். விலையைவிட எனக்குக் கவலை வேறு: அலமாரிப் பலகை நீங்கள் சொன்ன தடிமனில் இல்லை என்றால், தனக்குக் காசு தரும் கடைக்காரரோடு அவர் சண்டை போடுவாரா?

ஏஜென்ட் யாருடைய ஆள் என்ற இந்தக் கேள்வி சுங்கத்திலும் வரும். உங்கள் சார்பில் வாங்கித் தருபவருக்கு நீங்கள் கொடுக்கும் கொள்முதல் கமிஷன், 2007-ம் ஆண்டு சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி சரக்கு மதிப்பில் சேராது. விற்பவரின் ஏஜென்ட்டுக்கு நீங்கள் தரும் கமிஷன் சேரும், அதற்கும் வரி உண்டு. எனவே அவர் உங்களுக்காக வேலை செய்கிறார் என்ற ஒப்பந்தமும் தனி பில்லும் எழுத்தில் இருக்கட்டும்.

ஆக, மூவரில் மிஞ்சுவது 5% கேட்பவர். தமிழர் என்பதற்காக அல்ல, உங்களிடம் கூலி வாங்குகிறார் என்பதற்காக. அவரிடமும் சிலவற்றைக் கறாராகப் பேசுங்கள். பணம் உங்கள் வங்கியிலிருந்து நேராகத் தொழிற்சாலையின் நிறுவனக் கணக்குக்குப் போக வேண்டும். ஏஜென்ட்டுக்குப் போவது அவருடைய 5% மட்டுமே. 'என்னிடம் மொத்தமாக அனுப்புங்கள், நான் பிரித்துக் கொடுக்கிறேன்' என்றால் மறுத்துவிடுங்கள். கடைக்காரரின் வணிக உரிமத்தில் 18 இலக்கக் குறியீடு இருக்கும். சீன அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் அதைத் தட்டிப் பார்க்கலாம். உரிமத்தில் உள்ள பெயர், ப்ரொஃபார்மா இன்வாய்ஸில் (ஆர்டருக்கு முன் தரும் விலைப் பில்) உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். அங்கே பல கடைகளுக்குச் சொந்த ஏற்றுமதி உரிமம் கிடையாது. வேறொரு நிறுவனத்தின் ஏற்றுமதி ஆவணங்களைக் காசுக்கு வாங்கி அதன் பெயரில் கப்பலேற்றுவார்கள். அப்போது நீங்கள் பணம் அனுப்பியது ஒருவருக்கு, பில் வருவது இன்னொருவர் பெயரில். இங்கே உங்கள் வங்கி, அனுப்பிய பணத்தையும் பில் ஆஃப் என்ட்ரியையும் ரிசர்வ் வங்கியின் கணினி அமைப்பில் பொருத்தியாக வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் வங்கி உங்களைத்தான் துளைக்கும்.

நடுவில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் வந்தால் வீடியோ காலில் ஆளைப் பார்த்துக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். மெயிலை ஹேக் செய்து பணத்தைத் திருப்பிவிடும் மோசடி இந்தத் தொழிலில் சகஜம்.

வழக்கமான ஏற்பாடு 30% முன்பணம், 70% கன்டெய்னரில் ஏற்றும் முன். அந்த 70%தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. சரக்கு தயாரானதும் உங்கள் செலவில் மூன்றாம் தரப்பு ஆய்வாளரை அனுப்புங்கள், எஸ்.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் நாள் கணக்கில் கட்டணம் வாங்கிச் செய்கின்றன. ஏஜென்ட்டே ஆய்வும் செய்து தருகிறேன் என்றால் செய்யட்டும், ஆனால் அதை நம்பி 70% அனுப்ப வேண்டாம். மரப் பெட்டிகளில் பூச்சி நீக்க முத்திரை இருக்கிறதா என்பதையும் அந்த ஆய்விலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நண்பர்கள் சொன்ன 'பாதி விலை'. சரக்கு, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து 100 ரூபாய் என்று கொள்வோம். சுங்க வரியும் அதன் மேல்வரிகளும் உதாரணத்துக்கு 25 (பொருளைச் சுங்கம் வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டைப் பொறுத்து இது மாறும்). அந்த 125-க்கு, இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. 18%, அதாவது 22.50. ஆக 147.50. ஏஜென்ட் கமிஷன், தூத்துக்குடியில் துறைமுகக் கட்டணங்கள், சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்டின் கூலி, காரைக்குடி வரை லாரி வாடகை எல்லாம் இதற்கு மேல். ஐ.ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு அது நடக்காது. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5% ஆகிவிட்டது, ஆனால் உள்ளீட்டு வரிப் பயன் (வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளும் சலுகை) இல்லை. அந்த 22.50 முழுக்க உங்கள் செலவு. உள்ளூர் கடையின் விலையையும் ஜி.எஸ்.டி. சேர்த்தே வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறக்குமதி 20 சதவீதமாவது மலிவாக இல்லை என்றால் இந்த அலைச்சலுக்கு அர்த்தமில்லை என்பது என் கருத்து. உடைந்து வரும் ஒரு கண்ணாடி மேசையை ஃபோஷானுக்குத் திருப்பி அனுப்ப முடியாதே.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அனுமதி. எல்.இ.டி. விளக்குகளுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு இங்கேயே வாங்குங்கள். நாற்காலி, மேசை, கட்டில், அலமாரி ஆகியவற்றுக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2025-ல் வெளியிட்டிருக்கிறது. இத்தகைய ஆணைகளின் அமலாக்கத் தேதியும் விலக்குகளும் மாறக்கூடியவை. எனவே உங்கள் பட்டியலைத் தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் கொடுத்து, இன்றைய நிலவரப்படி எதற்கெல்லாம் பிஐஎஸ் உரிமம் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். உரிமம் தொழிற்சாலையின் பெயரில் இருக்க வேண்டும். கடைக்காரர் காட்டும் ஏதோ ஒரு சான்றிதழ் போதாது. அது இல்லாமல் வரும் சரக்கைச் சுங்கம் விடாது, நாளாக ஆக துறைமுக வாடகை ஏறிக்கொண்டே போகும். இந்தப் பதில் கைக்கு வரும்வரை முன்பணம் அனுப்ப வேண்டாம்.

டைல்ஸை ஏன் சீனாவிலிருந்து இறக்குகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. குஜராத்தின் மோர்பி உலகத்துக்கே டைல்ஸ் அனுப்புகிறது. எடை கூடிய பொருளுக்குக் கப்பல் கூலியும் வரியும் கொடுத்து மிச்சம் பிடிப்பது கடினம். பர்மா தேக்கையும் இத்தாலிச் சலவைக்கல்லையும் கடல் கடந்து கொண்டுவந்த ஊர்தான் உங்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் இன்று அங்கே வரும் சுற்றுலாப் பயணி ஆத்தங்குடி டைல்ஸ் போட்ட தரையைப் படம் எடுக்கத்தான் வருகிறார். வரவேற்பறைக்காவது அதைப் போடுங்கள்.

ஓ.டி. வட்டி பெரிய சுமை இல்லை. 10.5% என்று வைத்தால் 15 லட்சத்துக்கு நான்கு மாதத்தில் 52,500 ரூபாய். ஆனால் சரக்கு வந்து இறங்கும் நாளில் சுங்க வரியையும் ஐ.ஜி.எஸ்.டி.யையும் உடனே கட்ட வேண்டும். 40 லட்சத்தையும் சரக்குக்கே ஒதுக்கிவிட்டால் அன்று திண்டாடுவீர்கள். சரக்கின் விலை 25 லட்சத்தைத் தாண்டக் கூடாது. டாலர் ஏறினால் சமாளிக்க அதற்குமேல் 3% ஒதுக்கிவையுங்கள்.

சித்திரையில் திறப்பதாக இருந்தால் சீனப் புத்தாண்டைக் கணக்கில் எடுங்கள். ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வரும் அந்த விடுமுறையை ஒட்டித் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிவிடும். தீபாவளிக்குள் ஆர்டர் உறுதியானால் அதற்கு முன்பே கப்பலேறிவிடலாம். அது தவறினால் கட்டில், அலமாரியை உள்ளூர் ஆசாரிகளிடம் கொடுத்துவிடுங்கள். சோபாவை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.