வாசல் கல்லில் எபெனேசர்

கேள்வி: என் கணவர் கடந்த மார்ச் மாதம் காலமானார். சிறுநீரகம் செயலிழந்து 3 வருடம், வாரத்துக்கு 2 முறை டயாலிசிஸ். (போக வர எங்கள் தெரு ஆட்டோக்காரத் தம்பிதான். காத்திருந்த நேரத்துக்கு ஒரு நாளும் காசு வாங்கியதில்லை.) சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. சுகம் கிடைக்கவில்லை. வருடக் கடைசி இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல என்னையும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டின் வாசலில் 'எபெனேசர்' என்று கல் பதித்திருக்கிறோம். 'உதவியின் கல்' என்று அர்த்தம். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது அதைப் பெயர்த்துவிடலாம் என்கிறான் மகன். "எந்த உதவியை அம்மா நினைக்கச் சொல்கிறாய்?" என்று கேட்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்வது?
- பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: அன்புச் சகோதரி,

சாட்சி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்த வருடம் சொல்ல வேண்டாம். "ஐயா, இந்தத் தடவை நான் உட்கார்ந்து கேட்கிறேன்" என்று ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புரிந்துகொள்வார். புரியாவிட்டாலும் பாதகமில்லை. நம் சபைகளில் சாட்சி என்றால் வேலை கிடைத்தது, விசா வந்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று முடிவு நல்லதாக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் ஊறிவிட்டது. வேலை கிடைக்காதவர் பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். இந்த வழக்கத்தின்மேல் எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம் உண்டு.

இனி கல்லுக்கு வருகிறேன்.

தென்மாவட்டங்களில் எபெனேசர் என்ற பெயர் இல்லாத கிறிஸ்தவத் தெருவைப் பார்ப்பது அரிது. வீட்டுக்கு வைக்கிறோம், பிள்ளைக்கு வைக்கிறோம், கடைக்கும் வைக்கிறோம். வைக்கிறவர்கள் மனத்தில் இருப்பது பைபிளில் 1 சாமுவேல் 7ஆம் அதிகாரம். இஸ்ரவேலரின் எதிரிகளான பெலிஸ்தர் முறியடிக்கப்பட்ட பிறகு தீர்க்கதரிசி சாமுவேல் ஒரு கல்லை எடுத்து மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவாக நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று சொல்லி அந்தப் பெயரை வைக்கிறார். வெற்றிக் கல் என்றுதான் நமக்கு அது பழக்கம். உங்கள் மகனின் கோபமும் அங்கிருந்துதான் வருகிறது. தோற்றுப்போன வீட்டில் வெற்றிக் கல் எதற்கு என்கிறான்.

ஆனால் மூன்று அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். 4ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே அந்தப் பெயர் வந்துவிடுகிறது. இஸ்ரவேலர் பாளயமிறங்கியது எபெனேசர் அருகே. அங்கே முதல் சண்டையில் ஏறக்குறைய 4,000 பேர் விழுந்தார்கள். கர்த்தர் தங்களோடு இருப்பதற்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பூமி அதிர ஆர்ப்பரித்து, மறுபடியும் போருக்குப் போனார்கள். இந்தத் தடவை 30,000 பேர். பெட்டியும் பறிபோனது. செய்தி கேட்ட ஆசாரியர் ஏலி ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தார். அவருடைய மருமகள் பிள்ளையைப் பெற்றுவிட்டு, சாகும் தறுவாயில் அதற்கு இக்கபோத் என்று பெயரிட்டாள். மகிமை போய்விட்டது என்று பொருள்.

சாமுவேல் கல் நட்ட இடமும் அந்தப் போர்க்களமும் ஒன்றுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பெயர் ஒன்றுதான். பெலிஸ்தர் திருப்பி அனுப்பிய பெட்டி கீரியாத்யாரீம் என்ற ஊருக்கு வந்து சேர்ந்து 20 வருடம் ஆன பிறகு சாமுவேல் கல்லை நிறுத்துகிறார். சுற்றி நின்ற கூட்டத்தில் எபெனேசர் என்ற சொல் காதில் விழுந்ததும் தகப்பனை நினைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வேறு பெயரா கிடைக்கவில்லை? அந்தப் பெயரையே எடுத்ததில் காரணம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. 30,000 பேரில் ஒருவரும் எழுந்து வந்துவிடவில்லை. வரவில்லை என்று தெரிந்துகொண்டேதான் 'இம்மட்டும்' என்றார். அளந்து சொன்ன சொல் அது. எல்லாவற்றிலும் என்று அவர் சொல்லவில்லை, நாளைக்கும் என்றும் சொல்லவில்லை. இந்த இடம் வரைக்கும் என்றார். அவ்வளவுதான்.

"எந்த உதவி" என்று மகன் கேட்கிறானே, அதற்குப் பதிலை உங்கள் கடிதத்திலேயே நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்திருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 வருடம், வாரத்துக்கு 2 என்றால் 300 தடவைக்கு மேல். டயாலிசிஸ் முடிய 4 மணி நேரம் ஆகும். அதுவரை மருத்துவமனை வாசலில் ஒரு மனிதர் சவாரியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். இது உங்கள் இழப்பை ஈடுகட்டிவிடும் என்று நான் சொன்னால் நீங்கள் இந்தப் பத்திரிகையைக் கிழித்துப் போடலாம். ஈடுகட்டாது. ஆனாலும் அது நடந்தது.

நம் பைபிளில் "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்று புலம்பல் 3:23 இருக்கிறது. காலண்டரிலும் வாக்குத்தத்த அட்டையிலும் அச்சாகி அச்சாகித் தேய்ந்த வசனம். உண்மை என்றதும் பொய்க்கு எதிர்ச்சொல் என்று நினைத்துவிடுகிறோம். எபிரெயத்தில் அது எமூனா. அதே சொல் யாத்திராகமம் 17:12இல் மோசேயின் கைகளைப் பற்றி வருகிறது. அமலேக்கியரோடு போர் நடக்கும்போது, இஸ்ரவேலர் ஜெயிக்க அவர் உயர்த்திப் பிடித்திருந்த கை ஓய்ந்துபோகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் ஒரு பக்கமும் தாங்கிக்கொள்ள, பொழுது சாயும்வரை கைகள் "ஒரே நிலையாயிருந்தது". அந்த நிலைதான் எமூனா. மோசேயின் கை தானாக நிற்கவில்லை, இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கர்த்தருடைய உண்மையை நினைப்பது என்றால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நினைப்பது என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டையும் பார்க்கலாம்.

அந்தப் புலம்பல் வசனத்துக்கு மூன்று வசனம் முன்னால், 3:20இல், அதைச் சொன்ன அதே மனிதர் "என் ஆத்துமா அவைகளை நினைத்து நினைத்து எனக்குள் முறிந்துபோகிறது" என்கிறார். அதைக் காலண்டரில் யாரும் போடுவதில்லை.

என் ஆச்சியின் பைபிள் இப்போது என்னிடம் இருக்கிறது. முதுகு கிழிந்து, பழைய சேலைத் துணி ஒட்டியது. ஓரங்களில் பென்சிலால் பொடி எழுத்தில் குறித்து வைத்திருப்பாள். 103ஆம் சங்கீதத்தின் பக்கத்தில், "சகல உபகாரங்களையும் மறவாதே" என்ற வசனத்துக்கு நேராக, "2 படி அரிசி, மேலவீட்டு அக்கா". இன்னொரு இடத்தில் "சின்னவனுக்குக் காய்ச்சல் இறங்கியது". 88ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் ஒரு தேதி மட்டும். கடைசி வரி வரைக்கும் வெளிச்சமே வராத சங்கீதம் அது. நான்கு வயதில் இறந்துபோன என் பெரியம்மா ஒருத்தியின் நாள் அது என்று அம்மா சொன்னாள். அந்தத் தேதிக்குப் பக்கத்தில் ஸ்தோத்திரமும் இல்லை, கேள்வியும் இல்லை. அரிசிக்கும் அதற்கும் ஒரே பென்சில்.

நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள், 40 பக்கம் போதும். கணவர் போன தேதியை முதலில் எழுதுங்கள். அதைத் தாண்டிக்கொண்டு வேறு எதையும் எழுத வேண்டாம். பிறகு அந்த 3 வருடத்தில் யார் என்ன செய்தார்கள் என்று நினைவு வரும்போதெல்லாம் ஒரு வரி. கஞ்சி கொண்டுவந்தவர், ஊசிக்குக் கடன் கொடுத்தவர், இரவில் கூடத்தில் படுத்துக் கிடந்தவர். ஆட்டோக்காரத் தம்பியின் பெயரை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, நோட்டில் எழுதிவிடுங்கள். வராதவர்கள் பெயரும் மனத்தில் வரும். வந்தால் வரட்டும், தனிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மகனிடம் வாதாட வேண்டாம். அவன் கேட்டதில் தப்பில்லை. அப்பாவுக்காக ஜெபித்து ஏமாந்த பிள்ளை அவன். 1 சாமுவேல் 4ஆம் அதிகாரத்தை மட்டும் அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 7ஐ இப்போது கொடுக்காதீர்கள். நடுவில் இருந்த 20 வருடத்தை நாம் அவனுக்காகச் சுருக்கிவிட முடியாது.

கல்லை இந்த கிறிஸ்துமஸுக்குப் பெயர்க்க வேண்டாம். ஒரு வருடம் கழித்து இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். வெள்ளையடிக்க வருகிறவரிடம் கல்லின்மேல் செய்தித்தாளை ஒட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். வெட்டிய எழுத்துக்குள் சுண்ணாம்பு இறங்கிவிட்டால் சுரண்டி எடுப்பது கஷ்டம்.