விரைவோட்டத்துக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் தசைகள் எவ்வாறு வேறுபடுகின்றன?

100 மீட்டரில் முந்துபவர் மாரத்தானில் பின்தங்குவதற்குப் பயிற்சி மட்டுமே காரணமா, தசையின் இயல்பும் காரணமா என்பது கேள்வி. இரண்டும்தான், எனினும் வேக இழைகள், மெதுவிழைகள் என்னும் இருவகைத் தசையிழைகளின் விகிதத்தில் மரபின் பங்கு கணிசமானது.

வேக இழைகள் நொடிப்பொழுதில் சுருங்கிப் பெரும் விசையைத் தருகின்றன. உச்ச வேகத்தில் ஓடுபவரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் தரையில் பதிந்திருப்பது ஏறத்தாழ 0.1 விநாடிதான் என்பதால், தசைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதைவிட, அதில் எவ்வளவை அதற்குள் வெளிப்படுத்த முடிகிறது என்பதே அங்கு முக்கியம். ஆனால் இவ்விழைகள் பெரிதும் நம்பியிருக்கும், உடனடி ஆற்றல் தரும் பாஸ்போகிரியேட்டின் என்ற சேர்மம் சில விநாடிகளிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். 2009இல் பெர்லினில் 9.58 விநாடிகளில் ஓடிய உசேன் போல்ட்கூட, கடைசி 20 மீட்டரை அதற்கு முந்தைய 20 மீட்டரைவிடச் சற்று மெதுவாகவே கடந்தார்.

மெதுவிழைகளிலோ செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஆக்சிஜனைச் சேமிக்கும் புரதமான மயோகுளோபினும் மிகுதி. சுற்றிலும் இரத்த நுண்நாளங்களும் அடர்ந்திருப்பதால், அவை ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பையும் மாவுச்சத்தையும் எரித்து மணிக்கணக்கில் களைக்காமல் உழைக்கின்றன. கெண்டைக்காலின் உட்புறத் தசையான சோலியஸ் பெரும்பாலும் இவ்வகை இழைகளால் ஆனது.

தொடர் பயிற்சியால் வேக இழைகளிலும் மைட்டோகாண்ட்ரியா பெருகி, அவற்றின் தாங்குதிறன் கூடும். மெதுவிழையை வேக இழையாக மாற்றுவது மிகக் கடினம். ஆகவே விரைவோட்டக்காரரை நெடுந்தூரத்துக்கு ஓரளவு பழக்கலாம், மறுதிசையில் பழக்குவதே அரிது என்று கருதுகிறேன்.