கலைந்த லைன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் பெங்களூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். வேலை ஒயிட்ஃபீல்டில், வீடு காக்ஸ் டவுனில். பேப்பர் போடும் ஏஜென்டுகளுக்காக ஒரு செயலி செய்கிறோம். எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பர், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், யாரிடம் பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும். முதலில், வீடுகளை ஏஜென்டே விரலால் இழுத்து தனக்கு வேண்டியபடி அடுக்கிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தோம். போன மாத அப்டேட்டில் அதை எடுத்துவிட்டு, பெயர், வீட்டு எண், பாக்கித் தொகை என மூன்று வகையில் தானாக வரிசைப்படும்படி செய்தோம். அடுத்து, வரைபடத்தைப் பார்த்துக் குறைந்த தூரத்துக்கு ஏற்ப வரிசை போடும் திட்டம் இருக்கிறது. உட்கார்ந்து அடுக்க யாருக்கும் நேரம் இல்லை, இயந்திரமே செய்யட்டும் என்பது எங்கள் மேலாளரின் கருத்து.

போன வாரம் அல்சூரில் ஒரு ஏஜென்டைப் பார்க்கப் போனேன். சேலத்துக்காரர். "ஏம்மா, 180 வீடு. என் லைனைக் கலைச்சுட்டீங்களே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. அலுவலகத்தில் வந்து சொன்னால், ஒருவர் குறைப்பட்டதற்காக மாற்ற முடியுமா, இரண்டு வசதியும் வைத்தால் குழம்பிப் போவார்கள் என்கிறார்கள். தானாக வரிசைப்படுத்துவதா, கையால் அடுக்க விடுவதா? உங்கள் கருத்து என்ன?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தோழிக்கு,

நீங்கள் கடிதம் முழுக்கப் பட்டியலைப் பற்றியும் வரிசையைப் பற்றியும் பேசுகிறீர்கள். அவர் லைன் என்கிறார். நான் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். பட்டியல் என்றால் 180 வீடுகள். லைன் என்றால் அந்த வீடுகளில் எதற்குப் பிறகு எது என்பது. அப்டேட்டுக்குப் பிறகும் 180 வீடுகளும் செயலியில் இருக்கின்றன, ஒன்றும் குறையவில்லை. அதனால் உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் எதுவும் தொலைந்ததாகத் தெரியவில்லை. அவருக்கோ தொழிலின் முக்கால்வாசி தொலைந்துவிட்டது.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் பல வருடம் குடியிருந்தவன் நான். விடியற்காலை ஐந்து மணிக்கு நடைபாதையில் பேப்பர் கட்டைப் பிரித்துப் போட்டு, இணைப்பைச் செருகி, பையன்கள் சைக்கிளில் ஏற்றுவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவுக்கு வரும் பையனோடு பேசியும் இருக்கிறேன். நான்கு மாடிக் கட்டடமென்றால் லிஃப்டில் மேலே போய், படியில் இறங்கிக்கொண்டே போடுவான். ஆகவே அவனுக்கு 401க்குப் பிறகுதான் 301, அதற்குப் பிறகுதான் 201. ஓய்வுபெற்ற ஒருவர் ஐந்தரைக்கே பால்கனியில் வந்து நிற்பார் என்பதால், வழியில் இல்லாத அவர் வீடு முதலில் வரும். ஒரு குடியிருப்பின் பக்கவாசலை வாட்ச்மேன் ஆறு மணிக்குத்தான் திறப்பார், அது கடைசி. ஒரு சந்தில் அவிழ்த்துவிட்ட நாய், அதனால் அந்தச் சந்துக்கு மறுமுனையிலிருந்து நுழைய வேண்டும்.

இதில் எதுவும் முகவரியில் இல்லை. வரைபடத்திலும் இல்லை. ஏஜென்ட் இதையெல்லாம் எங்கேயும் குறிப்பாக எழுதி வைத்திருக்க மாட்டார். அவர் எழுதி வைத்த ஒரே இடம் அந்த வரிசைதான். பையன் ஒருநாள் லீவு போட்டால் புதிதாக வருபவன் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம், நாயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதிலின் சாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையால் அடுக்கிய வரிசை, பயனர் எழுதிய தகவல். வாடிக்கையாளரின் போன் நம்பரைப் போல, பாக்கித் தொகையைப் போல அதுவும் அவர் உள்ளிட்டது. தானாக வரும் வரிசை அந்தத் தகவலைப் பார்க்கும் ஒரு கோணம் மட்டுமே. கோணத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். தகவலை அவர் கேட்காமல் அழிக்கக் கூடாது. ஓர் அப்டேட்டில் போன் நம்பர்களை அழித்திருந்தால் உங்கள் அலுவலகம் அன்றைக்கே ராத்திரி விழித்திருந்து சரிசெய்திருக்கும். வரிசையை அழித்தது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை.

நமக்கு இது புதிய சிக்கலும் இல்லை. சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய நூல்களான நிகண்டுகளில் சொற்கள் பொருள்வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. திவாகரத்தில் முதலில் தெய்வப் பெயர்கள், பிறகு மக்கட் பெயர்கள், பிறகு விலங்கின் பெயர்கள் என்று போகும். செய்யுளாக மனப்பாடம் செய்து மனத்தில் வைத்துக்கொள்பவருக்கு ஏற்ற அடுக்கு அது. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசைக்குக் கொண்டுவந்தார். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. மனப்பாடம் செய்யாதவரும் வேண்டிய சொல்லைத் தேடி எடுக்கும் வழி பிறந்தது. அகரத்தை ஆதியாகக் கொண்டது என்ற அடுக்குமுறையின் பெயரே பிறகு அந்த நூல்வகைக்குப் பெயராகிவிட்டது.

குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 1330 குறளும் பால், இயல், அதிகாரம் என்று ஒருவர் யோசித்து வைத்த வரிசையில் நிற்கின்றன. அதிகாரத்துக்குள் எந்தக் குறள் முன், எந்தக் குறள் பின் என்பதில் உரையாசிரியர்கள் மணக்குடவரும் பரிமேலழகரும் பல இடங்களில் வேறுபடுகிறார்கள். வரிசை மாறினால் பொருளின் ஓட்டமும் மாறும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே நூலின் கடைசிப் பக்கங்களில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும். அங்கே முதலில் நிற்பது 'அகர முதல' அல்ல, 'அஃகாமை செல்வத்திற்கு' என்ற 178ஆம் குறள். பாதி வரி மட்டும் நினைவில் இருப்பவருக்கு அந்தப் பக்கங்கள் பெரிய உதவி. ஆனால் அகராதி வரிசை தேடுவதற்கு வசதி என்பதற்காக நூலையே அப்படிக் கலைத்து அச்சிடுவது வழக்கமில்லை. இரண்டும் வைத்தால் குழம்புவார்கள் என்ற வாதத்துக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன். நம் வாசகர்கள் இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்து எத்தனையோ காலமாகக் குழப்பமில்லாமல் புழங்குகிறார்கள்.

இனி உங்கள் திரைக்கு வருவோம். வரிசைப்படுத்தும் மெனுவில் பெயர், எண், பாக்கி ஆகியவற்றோடு 'என் லைன்' என்று ஒன்று இருக்கட்டும், அதுவே முதலாவதாகவும் இருக்கட்டும். பெயர் வைப்பதில் கவனம் தேவை. 'கைவரிசை' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், தமிழில் அதற்குத் திருட்டு என்ற பொருள்தான் முதலில் தோன்றும். மாதக் கடைசியில் வசூலுக்குப் போகும்போது அவர் பாக்கி வரிசைக்கு மாறுவார், அதிகமாகப் பாக்கி வைத்தவர்கள் மேலே வருவார்கள். மறுநாள் காலை 'என் லைன்' என்பதைத் தொட்டால் 180 வீடும் அவர் விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும்.

பாக்கி வரிசையில் இருக்கும்போது ஒரு வீட்டை இழுத்து நகர்த்தினால் என்ன ஆகும்? பெரும்பாலான செயலிகள் தடுமாறுவது இங்கேதான். சில செயலிகள் இழுப்பதை ஏற்றுக்கொண்டு, திரையில் அப்போது தெரியும் வரிசையையே புதிய லைனாகப் பதிந்துவிடும். பழையது போயே போச்சு. என் அனுபவத்தில், தானாக வரும் வரிசையில் இழுக்கும் பிடியையே காட்டாமல் இருப்பதுதான் நல்லது. எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதும் எப்போதும் கண்ணில் படும்படி மேலே எழுதியிருக்க வேண்டும்.

புதிய வாடிக்கையாளர் வந்தால் அவரை லைனுக்கு நடுவில் சத்தமில்லாமல் நுழைக்காதீர்கள். 'இடம் வைக்க வேண்டியவை' என்று மேலே தனியாக நிற்கட்டும். அதே கட்டடத்து வீடு ஏற்கெனவே இருந்தால் அதற்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று செயலி கேட்கலாம். வரைபட வரிசைக்கும் இதே நாகரிகம் பொருந்தும். அதை யோசனையாகக் காட்டுங்கள், எந்தெந்த வீடு இடம் மாறும் என்று தெரியட்டும். ஏற்றுக்கொண்ட பிறகும் பழைய லைனுக்குத் திரும்பும் பொத்தான் சில வாரங்கள் இருக்கட்டும். புதிதாகத் தொழில் தொடங்கும் ஏஜென்டுக்கு லைனே இருக்காது, அவருக்கு அந்த யோசனை நல்ல தொடக்கம். உங்கள் மேலாளர் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

180 வீடுகள் கொண்ட பட்டியலில் 170ஆவதை விரலால் இழுத்து 12ஆவது இடத்துக்குக் கொண்டுபோவது பெரிய வதை. கை நடுங்குபவருக்கு முடியவே முடியாது. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழி சொல்லும், 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அணுகல் வழிகாட்டியில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது, எண் 2.5.7. இழுத்தே ஆக வேண்டியவை தவிர, இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமல் தொட்டும் செய்ய வழி வேண்டும் என்கிறது. 'இன்ன வீட்டுக்குப் பிறகு' என்று தேர்ந்தெடுக்கும் வசதி ஒன்று போதும். ஏஜென்டுகள் பேசுவதே அப்படித்தானே, டெய்லர் கடை வீட்டுக்கு அடுத்தது என்று.

உங்கள் பொறியாளர்களுக்கு இரண்டு விஷயம். வரிசை எண்ணை 1, 2, 3 என்று வைத்தால் நடுவில் ஒன்றைச் செருகும்போது கீழே உள்ள எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும். 1000, 2000, 3000 என்று இடைவெளி விட்டு வையுங்கள். நடுவில் வருவதற்கு 1500 கொடுத்தால் ஒரே ஒரு பதிவுதான் மாறும். இடைவெளி தீரும்போது மட்டும் மறுபடி எண் போட்டால் போதும். இரண்டாவது, கட்டடவாரியாகப் பிரித்துக் காட்டும்போது ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் அவர் வைத்த வரிசை குலையாமல் நிற்க வேண்டும். சமமானவற்றின் பழைய வரிசையைக் காப்பாற்றும் வரிசையாக்கம் இதற்குத் தேவை. ஜாவாஸ்க்ரிப்ட் நிரல்மொழியில் 2019 தரநிலைதான் இதைக் கட்டாயமாக்கியது. 2018இல் வந்த குரோம் உலாவியின் 70ஆம் பதிப்புக்கு முந்தையவற்றில், பத்து உருப்படிகளைத் தாண்டினால் இது குலையக்கூடும். பழைய போன்களை வைத்திருக்கும் ஏஜென்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்வாரி வரிசை பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, ஆனால் அது தமிழில் தப்பாகத்தான் வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் இடம், பல இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி என்ற பழைய குறியீட்டின் அடுக்கைப் பின்பற்றியது. அங்கே ரவுக்கு அடுத்து ற, நவுக்கு அடுத்து ன. அந்த எண்களை வைத்தே வரிசைப்படுத்தினால் மாறன் முன்னால் வருவார், மாலா பின்னால் போவார். மெய்யெழுத்தின் புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிறகு இருப்பதால் அகிலாவுக்குப் பிறகுதான் அக்பர் வருவார். நம் அகராதி மரபில் இரண்டுமே தலைகீழ். மொழிவாரியான வரிசை விதிகளை யூனிகோடு அமைப்பு சிஎல்டிஆர் என்ற தொகுப்பில் வைத்திருக்கிறது, உலாவிகளிலும் அது கிடைக்கிறது. மொழி தமிழ் என்று சொல்லி அழைத்தால் போதும். வீட்டு எண்ணில் 1, 10, 11, 2 என்று வருவதற்கும் அங்கேயே தீர்வு இருக்கிறது, எண்களை எண்களாகக் கொள்ளச் சொல்ல வேண்டும். தானாக வரிசைப்படுத்தப் போகிறோம் என்றால் அதையாவது முறையாகச் செய்ய வேண்டும் என்பது என் ஆதங்கம்.

மேலாளரிடம் பேசும்போது ஒரு பழைய ஆய்வு உதவும். 1989இல் ஜெஃப்ரி மிட்செலும் பென் ஷ்னைடர்மனும் பயன்பாட்டைப் பொறுத்துத் தானாக இடம் மாறும் மெனுவையும் மாறாத மெனுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடக்க வேலைகளில் மாறாத மெனுவில்தான் மக்கள் வேகமாக இருந்தார்கள், பெரும்பாலோர் விரும்பியதும் அதைத்தான். கை பழகிய இடத்தில் பொருள் இருக்க வேண்டும் என்பது சமையலறையில் நிற்கும் யாருக்கும் தெரியும். 1994இல் ஆண்ட்ரூ சியர்ஸும் ஷ்னைடர்மனும் வேறொரு வழி காட்டினார்கள். அடிக்கடி தேவைப்படும் சிலவற்றை மட்டும் மேலே தனியாக வைத்து, மற்றவற்றை வழக்கமான வரிசையிலேயே விடுவது. வாட்ஸாப்பில் நாம் உரையாடல்களைப் பின் செய்து வைக்கிறோமே, அதுவும் கிட்டத்தட்ட இந்த ஏற்பாடுதான். வாட்ஸாப் செய்திகளையோ வங்கிக் கணக்கின் வரவுசெலவுகளையோ யாரும் கையால் அடுக்க வேண்டியதில்லை, அவை வந்து சேர்கிறவை. தேதிவாரியாகத் தாமாகவே நிற்கலாம். ஏஜென்டின் லைன் அவர் கட்டியது.

இதில் எனக்குச் சொந்த வலி ஒன்றும் உண்டு. அம்மாவின் மாத்திரைகளை ஒரு செயலியில் வேளைவாரியாக அடுக்கிக் கொடுத்திருந்தேன். விடியற்காலை வெறும் வயிற்றில் போட வேண்டிய தைராய்டு மாத்திரை முதலில் இருந்தது. ஓர் அப்டேட்டுக்குப் பிறகு எல்லாம் பெயர்வாரியாக மாறி, அந்த மாத்திரை அடியில் போய்விட்டது. அம்மா மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஆறு நாள் அதைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருக்கிறார். நான் மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போவேன். போனில் கேட்டால் எல்லாம் போட்டுக்கொண்டேன் என்பார், அதுவும் உண்மைதான்.

ஒருவர்தானே குறைப்பட்டார் என்று கேட்கிறார்கள். மற்றவர்கள் பேசாமல் நோட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். செயலியை இப்போது வசூல் சமயத்தில் மட்டும் திறக்கிறார்களா, காலையிலும் திறக்கிறார்களா என்று உங்கள் பதிவுகளில் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அப்டேட்டுக்கு முந்தைய பேக்கப்பில் ஒவ்வொரு வீட்டின் பழைய இட எண்ணும் இருக்கும். போன மாதம்தான் என்பதால் இன்னும் அழித்திருக்க மாட்டார்கள். உங்கள் பொறியாளர்களிடம் இன்றைக்கே கேளுங்கள். அல்சூர்க்காரருடைய 180 எண்களை எடுத்து அவர் கணக்கில் திரும்ப ஏற்றிவிட்டு, ஒருநாள் விடியற்காலை நேரில் போய்த் திறந்து காட்டுங்கள். இதற்குள் புதிதாகச் சேர்ந்த வீடுகள் எவை, நிறுத்தியவர்கள் யார் என்று அவரே சொல்லுவார், பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்து கொடுங்கள். ஐந்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், கட்டு வந்து இறங்கிவிட்டால் அவருக்குப் பேச நேரம் இருக்காது.

அன்புடன்.