உங்கள் படம், அடுத்தவர் போன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளின் தெரட்டிச் சீரை (பூப்பு நீராட்டு விழாவை) படம் எடுத்த ஸ்டூடியோக்காரர், எங்களைக் கேட்காமலே ரீல்ஸ் ஆக்கி இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார். பிள்ளைக்கு 13 வயது. பள்ளிக்கூடத்தில் கேலி பேசுகிறார்கள். கேட்டால், “எங்க கேமராவுல எடுத்தது, உரிமை எங்களோடதுங்க” என்கிறார். அப்படிங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இல்லைங்க. நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும் வீடியோவுக்கும் முதல் உரிமையாளர் நீங்கள்தான். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின் (பி) உட்பிரிவு இதைச் சொல்கிறது. மாற்றி ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் முன்பண ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் கிடக்கும்: ‘படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்’. முதலில் ரசீதைத் தேடி எடுங்கள்.

பிறகு, கணக்கின் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரீலின் லிங்க்கையும் குறித்துக்கொள்ளுங்கள். நீக்கச் சொல்வதைப் போனில் பேசாமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். சண்டை என்று வந்தால் அதுதான் சாட்சி. ‘ரீலை எடுத்துவிடுங்கள்’ என்று மட்டும் எழுதினால் அதை மட்டும்தான் எடுப்பார். ஹைலைட்ஸ், ஃபேஸ்புக் பக்கம், யூடியூப் ஷார்ட்ஸ் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்ய அவர் கொடுத்த டிரைவ் லிங்க்கை மறந்துவிடாதீர்கள். ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று இருந்தால், குடும்ப குரூப்பில் ஃபார்வர்டு ஆன அந்த லிங்க் இன்னமும் திறக்கும். அவர் மசியவில்லை என்றால், இன்ஸ்டாகிராமின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் நீங்களே உரிமையாளராகப் புகார் கொடுக்கலாம்.

அடுத்த விசேஷத்துக்கு முன்பணம் நீட்டும் முன்பே, ‘எழுத்தில் சம்மதம் வாங்காமல் எதையும் சமூக ஊடகத்தில் போடக்கூடாது’ என்று ரசீதிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளையின் படத்தையும் பெயரையும் போட்டு மண்டபத்து வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கிற வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. ஒரம்பரை (உறவினர்கள்) எல்லாம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். ஸ்டூடியோக்காரரை மட்டும் கட்டுப்படுத்திப் பயனில்லை.

கேள்வி: போட்டோவுக்குள்ளேயே வீட்டு லொக்கேஷன் இருக்குமாமே, நிஜமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கேமரா செட்டிங்கில் லொக்கேஷன் ஆன் ஆகியிருந்தால் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். ‘தெளிவு குறையக் கூடாது’ என்று டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும், மெயிலிலும் போகும். ஆஃப் செய்துவிடுங்கள்.

ஆனால் ஜிபிஎஸ் இல்லாமலே படம் நிறையச் சொல்லிவிடும்: பின்னால் நிற்கும் வண்டியின் நம்பர், கதவு எண், பிள்ளையின் சீருடை பேட்ஜ். இவற்றை மறைக்க எடிட்டிங்கில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவைத் தேய்க்கிறார்கள். அது முழுக்க மறைக்காது. வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து தெரிந்துவிடும். வெட்டுங்கள், அல்லது கெட்டியான கறுப்புக் கட்டம் வையுங்கள். பிறகு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், ‘இவர்களுடன் மட்டும் பகிர்’ என்பதே நல்லது. கேஸ் சிலிண்டர்காரர், பழைய குடித்தனக்காரர் எல்லாரும் நம் கான்டாக்ட்டில்தான் இருக்கிறார்கள். இந்த மாற்றம் இனிமேல் போடுவதற்குத்தான். ஏற்கெனவே போட்ட ஸ்டேட்டஸை நீங்களே அழிக்க வேண்டும்.

கேள்வி: என் டிபி படத்தை ஆபாசமாக மார்ஃபிங் செய்து மிரட்டுகிறான். 3,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். மேலும் கேட்கிறான்.
– கல்லூரி மாணவி, நாமக்கல்

பதில்: இனி ஒரு ரூபாய் கூட அனுப்ப வேண்டாம். பணம் வருகிற வரை அவன் விடமாட்டான். சாட்டை அழிக்காதீர்கள்; அழித்தால் ஆதாரம் போச்சு. அவன் எண், கணக்கின் லிங்க், யுபிஐ ஐடி, பணம் போன பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகே பிளாக் செய்யுங்கள்.

போன பணத்துக்கு 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை உடனே கூப்பிடுங்கள். படத்துக்கு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகார். பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். ஆனால் மிரட்டுபவனைப் பிடிக்க வேண்டும் என்றால் பெயரோடு கொடுப்பதே மேல். படம் வெளிவந்துவிட்டால் அந்தந்தத் தளத்திலும் புகார் செய்யுங்கள். படத்தை நீக்க 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் முதலில் தளங்களுக்கு வைத்த கெடு 24 மணி நேரம்; 2026 பிப்ரவரித் திருத்தம் அதை 2 மணி நேரமாகக் குறைத்தது. மார்ஃபிங் படமும் அதில் அடங்கும்.

வெளிவரும் முன்பே தடுக்க, ஸ்டாப் என்சிஐஐ டாட் ஆர்க் (stopncii.org) என்ற தளம் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டுப் போகாது. அதன் கைரேகை மாதிரியான குறியீடு மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். அவன் அனுப்பிய படத்தையே கொடுங்கள். அதை வெட்டி மாற்றினால் குறியீடு பொருந்தாமல் போகலாம் என்பதால், எத்தனை வடிவம் வந்ததோ அத்தனையையும் சேருங்கள். தனிப்பட்ட வாட்ஸ்அப் சாட்டில் அனுப்புவதை இது தடுக்காது. வயது 18க்குக் கீழ் என்றால், இதே வேலைக்கு ‘டேக் இட் டவுன்’ தளம்.

அவன் கையில் இருக்கும் ஆயுதம் உங்கள் நண்பர் பட்டியல். ஃபேஸ்புக்கில் அதை ‘நான் மட்டும்’ என்று மாற்றுங்கள். இன்ஸ்டாகிராமை பிரைவேட் ஆக்கினாலும் பழைய ஃபாலோயர்கள் உள்ளேயேதான் இருப்பார்கள்; அறிமுகம் இல்லாதவர்களை ஒவ்வொருவராக நீக்க வேண்டும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் படத்தை ‘ஒருமுறை மட்டும் பார்’ என்று அனுப்பினால் பயமில்லையா?
– வாசகர், தாராபுரம்

பதில்: வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கும். பக்கத்தில் இன்னொரு போனைப் பிடித்துப் படம் எடுத்தால் என்ன செய்யும்?