பிள்ளைகள் தினமும் கதைக்கிறார்கள், பிறஷர் ஏன் குறையவில்லை?

கேள்வி: எனக்கு வயது 61, ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணம் கொக்குவிலில் தனியே இருக்கிறேன். கணவர் போய் இரண்டு வருடம். மகனும் மகளும் ரொறன்ரோவில். ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் கதைப்பார்கள், காசுக்கும் குறைவில்லை. குளிசை ஒழுங்காகப் போட்டும் பிறஷர் 150/95க்குக் கீழே இறங்கவில்லை. நெஞ்சு படபடக்கிறது, இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. கிளினிக்கில் "யோசிக்காதேங்கோ" என்கிறார்கள். ஆறுதலுக்கு ஆட்கள் இருந்தால் வருத்தம் குறையும் என்கிறார்களே, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்தானே?

பதில்: ரீச்சர், "யோசிக்காதேங்கோ" என்று சொல்லி யாருக்கும் யோசனை நின்றதை நான் கண்டதில்லை, அதை விடுவோம்.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்து 2010இல் ஒரு கட்டுரை வந்தது. உறவும் நட்பும் பலமாக உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூட. ஆனால் ஆள் இருப்பது வேறு, ஆதரவு கிடைப்பது வேறு. 2006இல் அமெரிக்காவில் மணமான பெண்களுக்குக் காலில் சின்னக் கரண்ட் அடி விழப்போகிறது என்று சொல்லிவைத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் பயப் பதற்றம் நன்றாகக் குறைந்தது, முன்பின் தெரியாதவரின் கை என்றால் அவ்வளவு இல்லை, அதிலும் புருசன் பெண்சாதி ஒற்றுமையாக இருந்த இடத்தில்தான் கூடுதலாகக் குறைந்தது. பக்கத்தில் நமக்கானவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் உடம்பு பதற்றத்தில் சுரக்கும் ஹோர்மோன்களான அட்ரினலினையும் கோட்டிசோலையும் வீணாகக் கொட்டாது. அந்தத் துணை இல்லாதபோது இதயம் வேகமாக அடிக்கும், இரத்தக் குழாய் இறுகும், நடுச்சாமத்தில் குறைந்திருக்க வேண்டிய கோட்டிசோலும் ஒழுங்கு தப்பும்.

இனி உங்கள் வட்ஸ்அப் கதைக்கு வருவோம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் இங்கே வீட்டுக்கு வீடு இதுதான்: ரொறன்ரோவில் பகல் சாப்பாட்டு நேரம், இங்கே இரவு பத்தரை. "குளிசை போட்டியளோ, கேற்றைப் பூட்டினியளோ, ஏன் முகம் வாடியிருக்கு?" பிள்ளைகள் பாசத்தில்தான் கேட்கிறார்கள். நீங்களோ அவர்கள் அங்கே கவலைப்படக்கூடாது என்று சிரித்துச் சமாளித்துவிட்டு, போனை வைத்த பிறகு முழித்துக்கொண்டு கிடப்பீர்கள். அது விசாரணை, ஆறுதல் இல்லை. அழைப்பை இங்கத்தைய காலை ஆறரைக்கு மாற்றச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது முதல்நாள் இரவு எட்டு, ஒன்பது மணி, வேலை முடிந்து ஆறுதலாக இருப்பார்கள். குளிசையைப் பற்றி வாரத்தில் ஒருநாள் கேட்டால் போதும். மற்ற நாளில் பேரப்பிள்ளை என்ன குழப்படி செய்தது என்று கதைக்கட்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. கணவரை இழந்தவர்களை நல்ல காரியங்களில் பின்னுக்கு நிற்பாட்டுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. கலியாண வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், ஆலத்தி எடுக்கும் நேரம் ஒதுங்கி நிற்க வேண்டும். பிறகு ஒருநாள் நாமாகவே போகாமல் விட்டுவிடுவோம். டொக்டருக்கு இது ஏன் என்று யாராவது கேட்டால் கேட்கட்டும், பிறஷர் ஏறுகிற வழிகளில் இதுவும் ஒன்று என்றுதான் நான் சொல்வேன். நீங்கள் போங்கள், முன்வரிசையில் இருங்கள்.

ஆதரவு வாங்குவதால் மட்டும் வருவதில்லை, கொடுத்தாலும் வரும். பக்கத்துச் சனசமூக நிலையத்தில் பின்னேரம் இரண்டு, மூன்று ஓ.எல். பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லிக்கொடுங்கள். ஒருநாள் நீங்கள் போகாவிட்டால் "ரீச்சர் ஏன் வரேல்லை?" என்று படலையடிக்கு வந்து நிற்க ஆள் இருக்கும். அது ரொறன்ரோவிலிருந்து முடியாது.

இதற்காகக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். எல்லாப் பழியையும் மனதின் தலையில் போடவும் கூடாது, குளிசையின் அளவே போதாமல் இருக்கலாம். படபடப்புக்கு ஈ.சி.ஜி., தைரொயிட், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எதிலும் விருப்பமில்லாமல், சாப்பாடும் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது, மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்தும் கதைக்கலாம். ஒரு பக்கம் விறைத்தாலோ, கதை குழறினாலோ, நெஞ்சு இறுக்கிப் பிடித்தாலோ பிள்ளைகளுக்குப் போன் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் பிறஷர் பாருங்கள். தேத்தண்ணி குடித்த கையோடு வேண்டாம், ஐந்து நிமிடம் சாய்ந்து அமைதியாக இருந்த பிறகு. கொப்பியில் எழுதி, முந்தின இரவு நித்திரை எப்படி என்பதையும் பக்கத்தில் குறித்து அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.